வீடு வரை ஒரு துணை

(யூபிலி விழாக் கூட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆற்றிய உரை)



நோயாளியைச் சந்திப்பது என்றால், ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டு வருவது என்று நாம் எண்ணுகிறோம். அது நல்லதே. ஆனால், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஏழை நோயாளியின் கவலை தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி அழைத்தவுடன் வருகிறது, கூலி கேட்பதில்லை. ஆனால் அது அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி. பிள்ளை பெற்ற தாயையும் சேயையும் இலவசமாக வீட்டில் கொண்டுவிட 2011 முதல் மத்திய அரசின் திட்டம் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும், பக்கவாதம் கண்ட கூலித் தொழிலாளிக்கும் அதில் இடமில்லை.

பல நாள் படுத்திருந்தவர் எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கால் தள்ளாடும். அவர் தனியாக இரண்டு பஸ் மாறி ஊர் போய்ச் சேர வேண்டுமா? வீட்டில் அரிசி இல்லையென்றால் இன்னும் ஆபத்து. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே கேடாகலாம். ஆகவே முதல் வாரத்து அரிசியும் மருந்தைப் போன்றதே.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு தெனாரியம் கொடுத்தான். அக்காலத்தில் அது இரண்டு நாள் கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றான். 1833-ல் பாரீஸ் நகரில் எங்கள் சபையைத் தோழர்களோடு தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயது மாணவர். ஏழையை அவன் வீட்டிலேயே போய்க் காண்பதை அவர்கள் தங்கள் முதல் பணியாக்கினார்கள். 1997-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

இந்த யூபிலி ஆண்டில் நாம் ஒரு அவசர உதவி நிதி தொடங்குவோம். பிடி அரிசியும் அந்தோணியார் உண்டியலும் நமக்குப் புதியவை அல்லவே! மனு எழுதி வாங்கிக் காத்திருக்க வைக்காமல், அன்றைக்கே ஆட்டோக் கூலி கொடுப்போம். உடன் ஒருவர் போய், எந்த மாத்திரை எப்போது, பழைய மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும் என்று நர்சிடம் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் ஊன்றுகோல், கழிப்பிடம் போகும் வழிக்கு விளக்கு, ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு வைப்போம். படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் பெரும்பாலும் தடுக்கலாம் என்று வீட்டாருக்குச் சொல்லுவோம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பெயரைப் பதிந்து கொடுப்போம். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் போய்ப் பார்ப்போம்.

எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். உதவி பெற்றவர் பெயரைக் கோயிலில் வாசிக்கவும் வேண்டாம். ஏழைக்கும் மானம் உண்டு.

தோரணமும் சீரியல் விளக்கும் விழாவுக்கு அழகுதான். விழா முடிந்ததும் அவற்றை இறக்கிவிடுவோம். வீடு திரும்பியவர் ஏற்றும் விளக்கு அணையாமல் எரியட்டும். வண்டி வைத்திருக்கும் இளைஞர்களும், ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய தாய்மார்களும் இன்றே பெயர் கொடுங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!