சிகிச்சைக்குப் பின் கூடிச் செய்யும் பயிற்சி

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனத்தில் முதலில் எழுவது அச்சம். அந்த அச்சமெல்லாம் நோய் இன்னதென்று தெரியவரும் நாளையும், அதைத் தொடர்ந்து சிகிச்சை நடைபெறும் மாதங்களையும் சுற்றியே நிற்கிறது. அறுவை முடிந்து, மருந்தும் கதிர்வீச்சும் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வந்து காட்டினால் போதும்" என்று வைத்தியர் விடைகொடுத்து அனுப்பிய பிறகு, அந்த மனிதர் வீட்டில் எவ்வாறு நாளைக் கழிக்கிறார் என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 14 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் புதிதாகக் கண்டது. இவர்களில் கணிசமானோர் சிகிச்சையால் தேறிப் பல்லாண்டு வாழக்கூடியவர்கள். அப்படித் தேறி வருகிறவர்கள் ஒன்றுகூடிச் செய்யும் உடற்பயிற்சியைப் பற்றி இன்று சிறிது நேரம் சிந்திப்போம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விஷயத்தில் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் இவர்களை 'சர்வைவர்' என்கிறார்கள். 'உயிர் தப்பியோர்' என்று பெயர்த்தால், வெள்ளத்திலோ ரயில் விபத்திலோ தப்பியவர்களைக் குறிப்பது போல ஆகிறது. 'வென்றோர்' என்றால், நோயினால் இறந்தவர்களெல்லாம் தோற்றவர்கள் என்று பொருள்படும், அது அநியாயம். ஆகவே 'மீண்டோர்' என்ற சொல்லையே இங்குக் கையாள்கிறோம். மீளுதல் ஒரே நாளில் முடிகிற காரியம் அன்று. பிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க வைத்தியர், தாமே இந்நோய்க்கு ஆளாகித் தேறியவர், 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவுபடுத்தினார். நோயாளி, குணமானவர் என்று இரண்டே பிரிவு செய்வது பொருந்தாது. சிகிச்சைப் பருவம் ஒன்று, அதை அடுத்து அச்சமும் தளர்ச்சியும் நிறைந்த இடைப்பருவம் ஒன்று, பிறகு நிலைபெற்ற பருவம் ஒன்று என மூன்று உண்டு என்பது அவர் கருத்து. நாம் பேசுவது பெரும்பாலும் அந்த இடைப்பருவத்தைப் பற்றியே.

அந்த இடைப்பருவத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் உட்கார்ந்திரு" என்பது நம் குடும்பங்களில் அன்பின் மொழி. தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை; பேரக்குழந்தையைத் தூக்க விடுவதில்லை; மாடிப்படி ஏறலாகாது; கடைத்தெருவுக்குப் போகலாகாது. இவ்வளவும் பரிவினால் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நேற்று வரை வீட்டைத் தாங்கி நின்றவர், இன்று கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில் வைத்துப் பாதுகாக்கப்படும் பொருளாகிவிடுகிறார். உடம்பு தளர்ந்திருப்பதால் ஓய்வு; ஓய்வினால் மேலும் தளர்ச்சி; அத்தளர்ச்சியைக் கண்டு இன்னும் ஓய்வு. இந்தச் சுழலில் அகப்பட்டவர் தாமாக வெளியே வருதல் எளிதன்று.

இந்நோய்க்குப் பின் வரும் சோர்வு, பகலெல்லாம் உழைத்தவனுக்கு இரவில் வரும் சோர்வைப் போன்றதன்று. அது உறங்கி எழுந்தாலும் போவதில்லை. சிகிச்சைக் காலத்தில் படுத்தே கிடந்தமையால் தசைகள் மெலிந்திருக்கும். கீமோதெரபி மருந்துகளில் சில இதயத்தின் வலிமையைக் குறைக்கக்கூடும். வேறு சில, பாதங்களில் மரமரப்பை உண்டாக்கி நடையில் தடுமாற்றம் தரும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளில் சில எலும்பின் அடர்த்தியைக் குறைப்பவை. மெலிந்த தசைக்கும் தளர்ந்த நடைக்கும் நாற்காலி மருந்தாகாது. அளவறிந்து கொடுக்கும் உழைப்பே தசைக்கு உரம் ஊட்டுகிறது. அதே உழைப்புச் சோர்வையும் தணிக்கிறது என்பதைப் பல ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஆயினும் வைத்திய உலகமே ஒரு காலத்தில் இதற்கு அஞ்சியது. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது நாம் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்கிறோமே அந்த இடத்துக் கணுக்களை, அகற்றுவதுண்டு. நிணநீர் வடிந்து செல்லும் வழி குறைவதால் சிலருக்கு அந்தக் கை நிரந்தரமாக வீங்கிவிடும். எனவே, அந்தக் கையால் கனமான எதையும் தூக்காதீர்கள், திரும்பத் திரும்ப வேகமாக அசைக்காதீர்கள் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட அறிவுரை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரைக்குப் போதிய சான்று இருக்கிறதா என்று வினவியவர் கனடா நாட்டு வைத்தியர் ஒருவர்.

வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவ நிபுணர் டொனால்ட் மெக்கன்சி, 1996-ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை ஒன்றுசேர்த்தார். அவர்களுக்கு அவர் தேர்ந்தெடுத்த பயிற்சி, 'டிராகன் படகு' என்னும் சீனப் பாரம்பரியப் படகை வலிப்பது. நீண்ட படகு, இருபது பேர் இருவர் இருவராக அமர்ந்து துடுப்பு வலிப்பர், முன்னால் ஒருவர் முரசு கொட்டுவார், பின்னால் ஒருவர் திசை திருப்புவார். கைக்கும் தோளுக்கும் இதைவிடக் கடுமையான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை வேறில்லை. அக்கால அறிவுரைப்படி இப்பெண்கள் எதைச் செய்யலாகாதோ, துல்லியமாக அதையே அவர்கள் செய்தனர். முதலில் பயிற்சிக் கூடத்தில் தசைகளைத் தயார் செய்தனர். பின்னர் நீரில் இறங்கினர். நகரின் படகுப் போட்டியிலும் கலந்துகொண்டனர். ஒருவருக்கேனும் புதிதாகக் கை வீக்கம் உண்டாகவில்லை. இவ்வனுபவத்தை மெக்கன்சி 1998-இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்.

ஒரே பருவத்துடன் முடியவேண்டிய பரிசோதனை அது. ஆனால் படகை விட்டு இறங்க அப்பெண்கள் விரும்பவில்லை. குழு நிலைத்தது, பிற நகரங்களிலும் பிற நாடுகளிலும் குழுக்கள் தோன்றின, 2010-இல் அவற்றுக்கென ஒரு சர்வதேச அமைப்பு ஏற்பட்டது. 2018-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலும், 2023-இல் நியூசீலாந்திலும் இக்குழுக்கள் கூடிப் படகு விழா நடத்தின. இவ்விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் முடிந்தபின் படகுகளை அருகருகே நிறுத்தி, மறைந்த தோழியரை நினைத்து அனைவரும் மலர்களை நீரில் இடுகின்றனர். ஆண்டுதோறும் சில இருக்கைகள் காலியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே துடுப்பு வலிக்கின்றனர்.

இருபத்து நான்கு பேரைக் கொண்டு ஒரு கொள்கையை நிலைநாட்ட முடியுமா என்ற ஐயம் இங்கு எழலாம். நியாயமான ஐயமே. இதற்கு விடையாக, அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரு பகுதியாகப் பிரித்து ஓராண்டு ஆராய்ந்தனர். ஒரு பகுதியினர் சிறு சிறு குழுக்களாக வாரம் இருமுறை எடை தூக்கிப் பயின்றனர். எடையை மிக மெதுவாகவே கூட்டினர். கையில் இறுக்கமான உறையும் அணிந்தனர். 2009-இல் முடிவு வெளியாயிற்று. வீக்கத் தொல்லை முற்றியவர்கள் பயின்றோரில் நூற்றுக்கு 14 பேர். பயிலாதோரில் நூற்றுக்கு 29 பேர். தூக்காமல் இருந்த கையைக் காட்டிலும், முறையாகத் தூக்கிய கையே நலமாக இருந்தது.

அண்மையில், 2025-இல், இன்னும் பெரிய ஒரு செய்தி வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரைக் கொண்டு, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் நடந்த நீண்ட ஆராய்ச்சி அது. எல்லாருக்கும் உடல்நலம் பற்றிய அச்சிட்ட பிரசுரங்கள் கொடுக்கப்பட்டன. ஒரு பாதியினருக்கு மட்டும் அத்துடன் ஒரு பயிற்சியாளரின் துணையும் மூன்றாண்டுக் காலம் கிடைத்தது. முதல் ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை அவரை நேரில் சந்தித்தனர். எட்டாண்டுக்குப் பின் கணக்கிட்டபோது, துணையோடு பயின்றோரில் நூற்றுக்கு 90 பேர் உயிர் வாழ்ந்தனர். பிரசுரம் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 83 பேர். பிரசுரங்களை மொழிபெயர்ப்பதில் வாழ்நாளைச் செலவிடும் நம் போன்றோர்க்கு இது அடக்கத்தைக் கற்பிக்கும் செய்தி. காகிதம் வழி காட்டும். கூடவே நடந்து வருவதற்கு மனிதர் வேண்டும்.

இந்த முடிவு பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது. எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிடலாகாது. பயிற்சி, சிகிச்சைக்குத் துணையே அன்றி அதற்கு மாற்றன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, தனியே செய்வதைவிடக் கூடிச் செய்வதில் என்ன மேன்மை? தனியாக நடக்கப் புறப்படுகிறவருக்கு நாலாம் நாள் மழை பெய்கிறது. ஐந்தாம் நாள் விருந்தாளி வருகிறார். ஆறாம் நாள் மனமே வரவில்லை. எட்டுப் பேர் காத்திருக்கும் இடத்துக்குப் போகாமலிருக்க மனம் கூசும். மற்றொன்றும் உண்டு. தலைமுடி உதிர்ந்து முளைத்த கதையையும், பரிசோதனைக்கு முதல் நாள் இரவு உறக்கம் வராததையும் வீட்டாரிடம் சொன்னால் அவர்கள் கலங்குவார்கள். அதே நிலையைக் கடந்து வந்தவரிடம் பாதி சொன்னாலே போதும். மீதியை அவர் அறிவார். நேற்றுச் சேர்ந்தவர், இரண்டாண்டுக்கு முன் சேர்ந்தவரைக் கண்ணால் காண்கிறார். எந்தப் பிரசங்கமும் தராத தைரியத்தை அந்தக் காட்சி தரும்.

இத்தகைய வகுப்புக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. காற்றோட்டமான ஓர் அறை, சாயாத நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட், எட்டு அல்லது பத்துப் பேர் போதும். முதலில் பத்து நிமிஷம் கைகால்களை மெல்ல அசைத்துச் சூடேற்றுதல், பின் நடை, பின் நாற்காலியில் அமர்ந்து எழுதல், சிறு எடை தூக்குதல், ஒற்றைக் காலில் நிற்கும் நிதானப் பயிற்சி, முடிவில் மூச்சை அமைதிப்படுத்துதல். ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய புட்டி ஒரு கிலோ எடைக்குச் சமம் என்பதால் இரும்புக் குண்டுகளும் அவசியமில்லை. பல நாட்டு நிபுணர்கள் 2018-இல் கூடி ஆராய்ந்து வகுத்த அளவு இது: நடை போன்ற பயிற்சி அரைமணி வீதம் வாரம் மூன்று நாள், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள். வேகம் எவ்வளவு என்று கேட்டால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே எளிய அளவுகோல்.

தொடங்குமுன் தம் வைத்தியரைக் கலந்துகொள்ளுதல் இன்றியமையாதது. எலும்பில் நோய் பரவியவர்கள், இதயம் பலவீனமானவர்கள், இரத்த அணுக்கள் மிகக் குறைந்தவர்கள், வயிற்றில் செயற்கைத் துவாரம் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தனி முறை வகுக்க வேண்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், புதிதாகத் தோன்றும் எலும்பு வலி அல்லது வீக்கம் இருப்பின் அன்று பயிற்சி வேண்டாம். வைத்தியரிடம் காட்டுவதே முறை. மேலே கூறிய பெருங்குடல் ஆராய்ச்சியிலும், பயின்றோருக்குத் தசைப்பிடிப்பு, மூட்டுவலி முதலியவை சற்று அதிகமாகவே கண்டன. ஆகவே அவசரம் ஆகாது.

நம் நாட்டில் இதற்குப் பெருந்தடை பணமோ இடமோ அன்று, மறைப்பு. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம், தாய்க்கு இந்நோய் வந்தது வெளியே தெரிந்தால் என்னாகும் என்று அஞ்சி, ஆஸ்பத்திரிக்குப் போவதையே கோயில் யாத்திரை என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டிலிருந்து ஒருவர் இப்படிப்பட்ட வகுப்புக்கு வருவது எளிதா? எளிதன்றுதான். ஆனால் வாசலில் நோயின் பெயரை எழுதிய பலகை தொங்க வேண்டியதில்லை. சிகிச்சையளித்த மருத்துவமனையிலேயே, மறுபரிசோதனைக்கு வரும் நாளிலேயே வகுப்பைத் தொடங்கலாம். 2018 முதல் நாடெங்கும் ஏற்பட்டு, இப்போது ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று வழங்கும் நலவாழ்வு நிலையங்களில் யோகப் பயிற்சிக்கு ஏற்கெனவே இடமுண்டு. அங்கே இவர்களுக்கென வாரத்தில் இரண்டு மணி ஒதுக்க முடியும். மும்பையிலோ வேலூரிலோ சிகிச்சை பெற்றுத் தொலைவிலுள்ள கிராமத்துக்குத் திரும்பியவருக்கு, அண்டை வீட்டார் இருவர் மாலையில் உடன் நடந்தால் அதுவே குழு.

எனவே, இந்நோயிலிருந்து மீண்டவர் நம் வீட்டில் இருப்பாரானால், அவருக்காக நாற்காலியைக் கொண்டுவந்து போடுவதுடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வைத்தியரிடம் அடுத்த முறை செல்லும்போது, என்ன சாப்பிடலாம் என்று கேட்பதோடு, எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு தூக்கலாம், யாரோடு சேர்ந்து பயிலலாம் என்றும் கேட்போம். விடை கிடைத்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு நாமும் அவருடன் புறப்படுவோம். முதல் நாள் தெருமுனை வரை போனால் போதும்.