ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு பிணம்: தொடக்ககாலப் பேசும்படங்களில் மலிவுக் கொலைக் கதைகள்



திரைப்படத்தை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக மதித்து இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களுக்கு முதலில் என் நன்றி. நினைவுச் சொற்பொழிவு என்றால் பெருங்கலைஞர் ஒருவரைப் பற்றியோ காவியப் படம் ஒன்றைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பவை 1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் சிறு கம்பெனிகள் எடுத்த கொலை மர்மப் படங்கள். ஒரு வாரம், பத்து நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடும். ஓடும் நேரம் ஒரு மணியைச் சற்றே தாண்டும். திரைப்பட வரலாற்று நூல்கள் பலவற்றில் இவற்றுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். ஆனால், ஒலியைக் கொண்டு கதை சொல்வது எப்படி என்று சினிமா தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் படங்கள் கண்டுபிடித்த வழிகள் அசலானவை. கையில் பணமில்லாததால்தான் அவை அந்த வழிகளைக் கண்டன என்பதே என் வாதம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஹாலிவுட்டில் சன்செட் பூலவார்டும் கோவர் தெருவும் கூடும் சுற்றுவட்டாரத்துக்கு 'பாவர்ட்டி ரோ' என்று பெயர், வறுமைத் தெரு. நாளடைவில் அந்தப் பெயர் சிறு கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. மோனோகிராம், மெஜஸ்டிக், டிஃபானி, செஸ்டர்ஃபீல்டு, இன்வின்சிபிள், அல்லைடு என்று பல கம்பெனிகள். செஸ்டர்ஃபீல்டுக்குச் சொந்த ஸ்டுடியோகூடக் கிடையாது. யுனிவர்சல் போன்ற பெரிய இடங்களில் தளத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சிறு கம்பெனிகளின் படங்கள் பெரும்பாலும் ஏரியா வாரியாக விற்கப்பட்டன. நம் விநியோகஸ்தர்கள் 'அவுட்ரேட்' என்பார்களே, ஏறத்தாழ அதே ஏற்பாடு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் தொகை மாறாது. ஆகவே செலவில் மிச்சம் பிடித்ததுதான் லாபம். ஓர் இடத்தில் மூன்று நாள் படம்பிடிப்பதா, அரை நாளில் முடிப்பதா என்பதையெல்லாம் இந்தக் கணக்கே தீர்மானித்தது.

1929இல் பங்குச்சந்தை சரிந்தது. கொட்டகைக்கு வரும் கூட்டம் குறைந்தது. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்று காட்டிக் கூட்டத்தை இழுக்கும் பழக்கம் பரவி, 1930களின் நடுவில் அமெரிக்கக் கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் வேரூன்றியது. இரண்டாவதாக ஓட ஒரு சின்னப் படம் வேண்டுமே! அந்தத் தேவையை நம்பியே வறுமைத் தெருவில் அடுப்பு எரிந்தது.

சரி, ஏன் கொலை? இசைப்படம் என்றால் வாத்தியக் குழு வேண்டும், நடனக்காரர்கள் வேண்டும். சரித்திரப் படத்துக்கு உடுப்பும் கோட்டையும் வேண்டும். கொலைக் கதைக்கு ஒரு பெரிய வீடு போதும், ஓர் இரவு போதும். கதை நிகழ்காலத்தில் நடப்பதால் நடிகர்கள் தங்கள் சொந்த உடையையே போட்டுக்கொண்டு வரலாம். செட்டின் ஏழ்மையை இருட்டு மூடிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், விசாரணைக் காட்சி. போலீஸ் அதிகாரி எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கிறார். செட் ஒன்று, மைக் ஒன்று; ஒரு ரீல் நிறைந்துவிடும். யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாக வேண்டும். பேச்சைக் கேட்கவைப்பதற்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறு ஏது?

இந்தப் பாடத்தை முதலில் கற்பித்தது ஒரு பெரிய கம்பெனியே. முழுக்க முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படமான 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்', 1928இல் வார்னர் சகோதரர்களின் கம்பெனியில் பிரையன் ஃபாய் இயக்கியது. கள்ளச்சாராயக் கும்பலும் கொலையுமாகப் போகும் கதை. ஏறக்குறைய 23,000 டாலரில் எடுத்த படம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. மைக்கை விட்டு நகர முடியாமல் நடிகர்கள் நின்ற இடத்திலேயே நின்று பேசுகிறார்கள். படமாக அதைச் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மலிவான செலவு, குற்றக் கதை, பேச்சு மூன்றும் சேர்ந்தால் கல்லா நிறையும் என்பது அன்றே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இனி மூன்று படங்கள். முடிச்சுகளை அவிழ்த்தே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோனோகிராமின் 'தி தர்ட்டீன்த் கெஸ்ட்' 1932இல் வந்தது. ஆல்பர்ட் ரே இயக்கியது. ஜிஞ்சர் ரோஜர்ஸும் லைல் டால்பட்டும் நடித்தது. பதின்மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரவில் ஓர் இளம்பெண் வருகிறாள். ஆளில்லாத வீட்டில் மின்சாரம் இருக்கிறது, தொலைபேசி இணைப்பும் இருக்கிறது. திகில் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மறைவறையில் முகமூடியோடு கொலையாளி. தொலைபேசியைத் தொட்டவர் மீது மின்சாரம் பாய ஒரு சுவிட்சைத் தள்ளுகிறான். பிறகு பிணத்தை, வீடு பூட்டப்படுமுன் அங்கே நடந்த பழைய விருந்தில் அந்தந்த ஆள் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்காரவைக்கிறான். இங்கே தொலைபேசியைக் கவனியுங்கள். சிறு கம்பெனிக்கு அது வரப்பிரசாதம். ஒருவர் பேசினால் போதும், மறுமுனையில் இருப்பவரைக் காட்ட வேண்டியதில்லை, இன்னொரு செட் மிச்சம். உடலில்லாமல் குரலை மட்டும் கொண்டுவரும் அந்தக் கருவியையே கொலைக் கருவியாக்கியது பேசும்படக் காலத்துக்கே உரிய கற்பனை.

அதே மோனோகிராம் 1933இல் ஃபில் ரோசன் இயக்கத்தில் 'தி ஸ்ஃபிங்ஸ்' எடுத்தது. ஒருவன் கொலை செய்துவிட்டு வெளியே வருகிறான். வழியில் கட்டடப் பணியாளரிடம் பேசிவிட்டுப் போகிறான். அந்தப் பணியாளர் நீதிமன்றத்தில் ஆளை அடையாளம் காட்டுகிறார். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் காது கேளாத, வாய் பேசாத மனிதர் என்று மருத்துவர்கள் சாட்சி சொல்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிறார். அவருக்கு அச்சு அசலாக ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு என்பதே விடை.

இரட்டையர் சூழ்ச்சி பழையதுதான். இந்தப் படத்தில் அது புதிய வேலை செய்கிறது. திரையில் மனிதக் குரல் கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயத்தில், குரலையே தடயமாக்குகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்த நடிகரோ லயனல் ஆட்வில். பிராட்வே மேடையில் பேச்சாலேயே பெயர் வாங்கிய ஆங்கிலேயர். அவரைப் பேசாமல் நிறுத்தி, அந்த மௌனத்தைப் பார்த்து நம்மைப் பயப்பட வைக்கிறார்கள். அக்காலத்து மலிவுப் படங்களில் டைட்டில் ஓடும்போது மட்டும் இசை வரும். பிறகு பெரும்பாலும் இராது. ஒலிகளைக் கலந்து பதிவுசெய்யச் செலவாகும், வாத்தியக் குழுவுக்கும் செலவாகும். அந்த வெறுமையைப் பலர் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். 'ஸ்ஃபிங்ஸ்' படத்தைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயலின் வந்து எச்சரிக்காதபோது, பேசாத ஒரு மனிதனின் பார்வைக்கு எவ்வளவு கனம் கூடுகிறது!

மூன்றாவது, மெஜஸ்டிக் கம்பெனியின் 'தி வாம்பயர் பேட்', 1933. இயக்குநர் ஃபிராங்க் ஸ்ட்ரேயர். 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காக யுனிவர்சல் போட்டிருந்த கிராமச் செட்டையும் 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' படத்தின் வீட்டையும் வாடகைக்குப் பிடித்து, இரவுகளில் எடுத்தார்கள். ஆட்வில்லும் நடிகை ஃபே ரேயும் வார்னருக்காகச் சேர்ந்து நடித்த 'மிஸ்டரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்' வெளியாவதற்கு முந்திக்கொண்டு, அதே ஜோடியோடு இந்தப் படம் ஜனவரியில் வந்துவிட்டது. ஒரு கிராமத்தில் அடுத்தடுத்து இரத்தம் வற்றிய பிணங்கள். வௌவால்களை ஆசையாக வளர்க்கும் பேதை ஒருவன் மேல் ஊர் பழி போடுகிறது. டுவைட் ஃப்ரை அந்த வேடத்தில் உருக்கிவிடுகிறார். தீவட்டிகளோடு கூட்டம் அவனைத் துரத்தும்போது, கருப்பு வெள்ளைப் படத்தில் தீவட்டிச் சுடர் மட்டும் நிறத்தோடு எரியும். கஸ்டாவ் பிராக் என்ற கலைஞர் ஃபிரேம் ஃபிரேமாகப் படச்சுருளில் கையால் வண்ணம் தீட்டியது அது. மலிவுப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள். உண்மைக் கொலையாளி ஊரே மதிக்கும் டாக்டர் என்று தெரியவரும்போது, அந்தப் பேதையின் உயிர் போய்விட்டிருக்கிறது. கொலையாளியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைவிட, பழி சுமந்தவனின் சாவுதான் மனத்தில் தங்குகிறது.

இந்தப் படங்களைக் கொண்டாடும் நான் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஸ்ட்ரேயரின் 'தி மான்ஸ்டர் வாக்ஸ்' 1932இல் வந்தது. அதில் வில்லி பெஸ்ட் என்ற கறுப்பின நடிகர் உண்டு. டைட்டிலில் அவருக்குச் சொந்தப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. தூங்குவதும் தின்பதுமே அவர் வேலை என்று பொருள்படும் ஓர் இழிபெயரைப் போட்டிருக்கிறார்கள். பயந்து நடுங்கும் வேலைக்காரர் என்ற ஒரே வேடத்தில் அவரை அடைத்தார்கள். இது வறுமைத் தெரு மட்டும் செய்த பாவமன்று. ஹாலிவுட் முழுவதும் செய்தது. ஆனாலும் பார்க்கும்போது வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். நல்ல நடிகர் ஒருவரின் வாழ்நாளை அந்தத் தொழில் வீணடித்தது.

இதே காலத்தில் பிரிட்டனிலும் மலிவுக் குற்றப் படங்கள் பெருகின. 1927ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்குக் கட்டாய ஒதுக்கீடு தந்ததன் விளைவு அது. இயக்குநர் மைக்கேல் பவல் தொழில் பழகியது அந்த அவசரப் படங்களில்தான். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

வறுமைத் தெருவின் இந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. சிறு கம்பெனிகள் படச்சுருளைக் கடனுக்குக் கழுவிக்கொண்ட லேபரட்டரியின் முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸ், 1935இல் மோனோகிராமையும் வேறு சில கம்பெனிகளையும் இணைத்து ரிபப்ளிக் நிறுவனத்தைத் தொடங்கினார். மோனோகிராம் 1937இல் பிரிந்து மீண்டும் தனியே நடந்தது. ஜிஞ்சர் ரோஜர்ஸ் 1933 முடிவதற்குள் 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில் ஃபிரெட் அஸ்டேருடன் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரேயர் பிற்பாடு 'பிளாண்டி' நகைச்சுவைப் படங்களின் இயக்குநர் ஆனார். படங்கள்தாம் அநாதையாயின. இருபத்தெட்டு ஆண்டு முடிந்ததும் பதிப்புரிமையைப் புதுப்பிக்க ஆளில்லாமல் பல படங்கள் பொதுச்சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்றானதால், பிரதிக்குப் பிரதி எடுத்து உருவும் ஒலியும் தேய்ந்தன. ஒளிப்பதிவாளர் அளந்து அளந்து விட்ட இருட்டு வெறும் கரி அப்பியதுபோலத் தெரிகிறது. மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் இரைச்சல். அதைப் பார்த்துவிட்டு இவை மட்டமான படங்கள் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

'தி வாம்பயர் பேட்' படத்தைக் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் சீரமைத்தது. 2017இல் அந்தப் பிரதி வட்டாக வெளிவந்தது. தீவட்டிகளின் நிறமும் அதில் திரும்பியிருக்கிறது. இங்கே வந்திருக்கும் திரைப்படக் கழக நண்பர்களிடமும் மாணவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: அந்தச் சீரமைத்த பிரதியைத் தருவித்து, கூடத்தின் விளக்குகளை முழுவதும் அணைத்து, நல்ல ஒலிபெருக்கியில் ஒருமுறை திரையிடுங்கள். பார்த்தவர்கள் தாங்கள் கேட்டதைப் பற்றித் தமிழில் எழுதுங்கள்.