டிராக் மூடியாச்சு, இனி எங்கே ஓட்டுறது?

இது போன வாரமே வந்திருக்க வேண்டிய அத்தியாயம். கோபம் கொஞ்சம் அடங்கட்டும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். கோபத்தோட மைக் முன்னாடி உட்கார்ந்தா என்ன ஆகும்னு பழைய அத்தியாயங்களைக் கேட்டவங்களுக்குத் தெரியும்.

நான் வாலாஜாபாத்காரன். பாலாத்தங்கரை ஊர். எங்க ஊர்லேருந்து வண்டலூர் ரோட்டைப் பிடிச்சா, டிப்பர் லாரிகள் வழி விட்டால், அரை மணி நேரத்துல ஒரகடம். 2013-ல ராயல் என்ஃபீல்டு அங்கே ஆலை திறந்தது. மேடு பள்ளத்துல ஓட்டுறதுக்குன்னே 2016-ல அவங்க கொண்டு வந்த ஹிமாலயன், சென்னையைச் சுத்தி இருக்கிற அவங்க ஆலைகள்லதான் தயாராகுது. அதாவது மண்ணுல ஓடுற பைக் எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பிறக்குது. அதை மண்ணுல ஓட்டத்தான் எங்களுக்கு இடம் இல்லை.

ஒரு இடம் இருந்தது. சவுக்குத் தோப்பை ஒட்டின தரிசு நிலம், குத்தகைக்கு எடுத்து நாலஞ்சு மேடு, ஒரு சேத்துக் குழி, மரத்துக்கு நடுவுல வளைஞ்சு போற ஒத்தையடிப் பாதை போட்டு வெச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆளுக்கு 300 ரூபா. ஹெல்மெட், முட்டிக் கவசம் இல்லாம உள்ளே விடமாட்டாங்க. நான் கிளட்சை ஒழுங்காப் பிடிக்கக் கத்துக்கிட்டதே அங்கேதான். குத்தகை முடிஞ்சது, நிலம் மனைப் பிரிவுக்குப் போயிடுச்சு. ஒரு சனிக்கிழமை ராத்திரி குரூப்ல மூணு வரி மெசேஜ் வந்தது. அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி எங்க வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்திருக்கணும். 40 பேர் இருக்கோம். ஒருத்தன் கலெக்டர்கிட்ட மனு கொடுப்போம்ங்கறான். இன்னொருத்தன் கட்டின வருஷ சந்தாவைத் திருப்பிக் கேக்கறான். ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்கு அழற எமோஜி மட்டும் போட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில யாரோ, "விடுங்கடா, பாலாறு இருக்கு, ஏரி இருக்கு, யார் கேக்கப் போறா"ன்னு எழுதினாங்க. அதுக்கு 23 லைக். அதுல ஒண்ணு என்னோடது.

மறுநாள் காலையில அம்மாகிட்ட டிராக்கை மூடிட்டாங்கன்னு சொன்னேன். "நல்லதாப் போச்சு"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அப்புறம்தான் விஷயம் வந்தது. எங்க தெரு நெசவுத் தெரு. விடியக்காலையில கஞ்சி போட்ட பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காய வெப்பாங்க. டிராக்குக்குப் போறவங்க குறுக்கு வழின்னு அந்தத் தெரு வழியாத்தான் வருவாங்க, பத்து வண்டி ஒரே சமயத்துல. ஈரப் பாவுல புழுதி உட்கார்ந்தா என்ன ஆகும்? ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்க பாவு போடுறதையே நிறுத்தியிருக்காங்க. என் பையன் கூட்டாளிங்களாச்சேன்னு அம்மாகிட்ட யாரும் நேரா சொல்லலை. நானும் ரெண்டு வருஷம் கவனிக்கலை.

சரி, ஏரிக் கதைக்கு வர்றேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் ஒரு ஏரிக்குப் போனோம். பேர் வேண்டாம், காஞ்சிபுரம் மாவட்டத்துல ஏரிக்கா பஞ்சம். தண்ணி வத்தியிருந்தது. கரை நல்ல உயரம், சரிவு ரெண்டு பக்கமும். கீழேருந்து வேகம் எடுத்து மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்குறது. டிராக்ல இருந்த எந்த மேடும் இதுக்கு ஈடில்லை. உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே ரசிச்சு ஓட்டினதில்லை.

ஒரு மணி நேரத்துல பெரியவர் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். திட்டப் போறார்னு நெனச்சோம். திட்டலை. எங்க டயர் போன தடத்துல உட்கார்ந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் போச்சு.

"இன்னா தம்பி, மழைத் தண்ணி தானா வழி தேடும். நீங்க வழி போட்டே குடுத்துட்டீங்களே?"

எனக்கு முதல்ல புரியலை. அவரே சொன்னார். கரை மேல புல்லு இருக்கிற வரைக்கும் மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கும். டயர் அந்தப் புல்லைச் சீவிடும். ஐப்பசி கார்த்திகையில பெய்யுற மழை அந்தத் தடத்துலயே ஓடும், தடம் ஓடையாகும், ஓடை ஆழமாகும். ஏரி நிரம்பி நிக்கிற நேரத்துல அந்த இடம்தான் முதல்ல பலவீனமாகும். கீழே அவருக்கு ஒரு ஏக்கர் நெல்லு. 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளம், அவளூர் தரைப்பாலத்தைப் பதம் பார்த்தது எங்க ஊர்ல யாருக்கும் மறக்கலை. தண்ணி என்ன பண்ணும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தும் கரை மேல நின்னப்ப அது ஞாபகத்துக்கு வரலை.

அதுக்கு அடுத்த ஞாயிறு ஆறு பேர் மண்வெட்டியோட போய்த் தடத்தை மூடினோம். மீதி மூணு பேர் வரலை. பெரியவர் எங்க மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்துச் சிரிச்சார். புல்லு திரும்ப வர ஒரு மழைக்காலம் ஆகும்னு சொன்னார்.

இந்த வாரம் எனக்குக் கோபம் இருந்தது யார் மேலன்னா, எங்க மேலயும்தான். ஆனா அதோட நிறுத்திக்க முடியலை. ஏன்னா இன்னொண்ணும் நடந்தது. எங்க குரூப்லயே சின்னப் பையன், 19 வயசு. டிராக்ல எங்க எல்லாரையும் விட நல்லா ஓட்டுவான், கவசம் இல்லாம வண்டியைத் தொடமாட்டான். டிராக் மூடின மூணாவது வாரம், ராத்திரி சர்வீஸ் ரோட்டுல முன் சக்கரத்தைத் தூக்கிப் பழகியிருக்கான். ஜல்லி சிதறிக் கிடந்த இடத்துல சறுக்கி, காறை எலும்பு முறிஞ்சு போச்சு. பின்னாடி வந்த லாரி நின்னதால பையன் இருக்கான். ஓட்டுற இடத்தை மூடினா ஓட்டுறது நிக்கும்னு நெனக்கிறவங்களுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான். அது ஏரிக்கரைக்குப் போகும், இல்லைன்னா ரோட்டுக்குப் போகும்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினையான்னு தேடினேன். கலிஃபோர்னியாவுல கிளியர் கிரீக்னு ஒரு மலைப் பகுதி. பல தலைமுறையா டர்ட் பைக் ஓட்டுறவங்களுக்கு அது புண்ணிய பூமி மாதிரி. 2008 மே 1-ஆம் தேதி அதுல சுமார் 31,000 ஏக்கரை அரசு ஒரே நாள்ல மூடிடுச்சு. காரணம், அந்த மண்ணுலயே ஆஸ்பெஸ்டாஸ் இயற்கையா கலந்திருக்கு. சுற்றுச்சூழல் துறை ஆட்கள் அங்கே வண்டி ஓட்டி, மூச்சு விடுற உயரத்துல காத்தைப் பிடிச்சு அளந்தாங்க. முன்னாடி போறவனை விடப் பின்னாடி புழுதியைத் தின்னுக்கிட்டு வர்றவனுக்குத்தான் ஆபத்து அதிகம்னு தெரிஞ்சது. குடும்பத்தோட போனா பின்னாடி வர்றது யாரு? பிள்ளைங்கதான்.

ஓட்டுறவங்க கொதிச்சுப் போனாங்க. "முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ங்கற பேச்சு அங்கேயும் இருந்தது. எங்க குரூப் மெசேஜை அப்படியே மொழிபெயர்த்த மாதிரி இருக்கும். ஆனா அதோட நிக்கலை. ஆஃப்-ரோடு பூங்காக்களைக் கவனிக்கிற மாநில ஆணையமே தனியா ஒரு ஆய்வு செய்ய வெச்சது. 2011-ல வந்த அந்த ஆய்வு, மத்திய அரசோட கணக்கு ஆபத்தைப் பெருசாக்கிக் காட்டுதுன்னு வாதாடிச்சு. நாடாளுமன்றத்துல மசோதா வரைக்கும் போச்சு. 2014-ல புதுத் திட்டம் வந்து, அனுமதிச் சீட்டோட, பதிவு எண் இருக்கிற வண்டிகளுக்கு மட்டும், ரொம்பக் குறைவா பாதையைத் திறந்தாங்க. டர்ட் பைக்காரங்களுக்கு அது போதலை. ஜெயிச்சாங்கன்னு சொல்லமாட்டேன். ஆனா எமோஜி போட்டதோட நிறுத்தியிருந்தா அந்தக் கொஞ்சமும் திறந்திருக்காது.

நம்ம பக்கத்துக் கதை வேற மாதிரி. சோழவரம் தெரியுமில்லையா? இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடத்தினாங்க. எங்க தாத்தா காலத்து ஆளுங்க பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்ததைச் சொல்லுவாங்க. ஆனா ஓடுதளம் அவங்க சொத்து இல்லை. இரவல் இடம் எத்தனை நாளைக்கு? அவங்க இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா நிலம் வாங்கி டிராக் கட்டினாங்க. 1990-ல அது திறந்தது. எங்க ஊர்லேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். எங்க டிராக்குக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு பத்திரம்.

நம்மகிட்ட கோடிக்கணக்குல பணம் கிடையாது, ஒத்துக்கறேன். அதனாலதான் நடக்குறவங்க கதையைப் பார்க்கச் சொல்றேன். 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவங்க காட்டுத் தீயில சிக்கி, 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. சென்னையிலேருந்து போன பொண்ணுங்க பலர். உடனே மலைப் பாதைகளை மூடினாங்க. மலையேறுறவங்க அன்னைக்கு எழுதினதைத் தேடிப் படிச்சா, நம்ம கோபம்தான் அது. ஆனா அதே வருஷம் விதிமுறைகள் வந்தது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை அரசே திறந்தது. ஆன்லைன்ல பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போகணும். தீ பிடிக்கிற கோடைக்காலத்துல மூடிடுவாங்க. அந்த மூடலுக்கு யாரும் பெருசா சண்டை போடுறதில்லை, ஏன்னா திரும்பத் திறக்கும்னு தெரியும்.

மண்ணுல வண்டி ஓட்டுறவங்களுக்கு அப்படி ஒரு விதிப் புத்தகம் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலை. கேரளாவைப் பாருங்க. 2022 மே மாசம் வாகமண்ல ஒரு எஸ்டேட்டுக்குள்ள நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சியில ஓட்டினதுக்காக நடிகர் ஜோஜு ஜார்ஜ் மேல வழக்கு வந்தது, அபராதமும் கட்டினார். தனியார் நிலம்தானேங்கற வாதம் எடுபடலை. நாம ஏரிக்கரையில ஏறினா என்ன வாதம் சொல்லுவோம்?

எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரத்துல உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, இதெல்லாம் பள்ளியில படிச்சிருப்பீங்க. அந்தக் கல்வெட்டுல ஏரி வாரியம்னு ஒரு குழு வருது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஏரியைப் பார்த்துக்க ஆள் போட்டிருக்காங்க. நாங்க ஒன்பது பேர் ஒரு மணி நேரத்துல கரையை அறுத்துட்டு வந்திருக்கோம். குரூப்ல இதைப் போட்டதும் ஒருத்தன், "அப்போ டயர் வாரியம் ஆரம்பிக்கலாமா"ன்னான். கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனா இப்போ குரூப்போட பேரே அதுதான்.

வாரியம் இதுவரைக்கும் செஞ்சது இதுதான்: ஏரி, ஆறு, கரை எதுலயும் ஏறக்கூடாது, ஏறினா குரூப்லேருந்து வெளியே. காலையில நெசவுத் தெரு வழியா வரக்கூடாது, ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போகணும். இதுக்கே நாலு பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நிலம். கைவிட்ட செங்கல் சூளை ஒண்ணு இருக்கு, மண் எடுத்த பள்ளத்தோட. சொந்தக்காரர் ஒத்துக்கிட்டா மூணு வருஷத்துக்கு எழுத்துல குத்தகை, ஊராட்சிக்குத் தகவல், ஆளுக்குக் காப்பீடு. வாய்ப்பேச்சு வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவரைப் பார்க்கப் போறோம். 19 வயசுப் பையனும் வர்றான், கையைத் தொங்கப் போட்ட கட்டோட. அம்மா, "வண்டியில போகாதீங்கடா, பஸ்ல போங்க, அப்போதான் அந்த ஆள் நம்புவார்"னு சொல்லியிருக்காங்க. பஸ்லதான் போறோம்.