அவுரி நீலத்தில் ஒரு வணிகர் வீடு



மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையையும் கொடிமலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் லீத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே 14-ஆம் எண் வீட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீனப் பெருவணிகர் கட்டிய மாளிகை அது. ஊர்க்காரர்களைக் கேட்டால் நீல மாளிகை என்பார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலில் அந்த நீலத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிறிய வான நீலம் அல்ல அது. பலமுறை சாயத்தில் முக்கி எடுத்த துணியின் ஆழ்ந்த நீலம். அவுரிச் செடியின் இலையை ஊறவைத்து எடுக்கிற சாயம்தான் அதற்கு மூலம். நம் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகிற அதே அவுரி. இந்தியாவிலிருந்து ஒரு காலத்தில் உலகமெல்லாம் கப்பலேறிப் போன சரக்கு. அந்தச் சாயத்தைச் சுண்ணாம்புக் கரைசலில் கலந்து சுவருக்கு அடித்திருக்கிறார்கள். வெறும் சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெள்ளையாக இருக்கும். சீனர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். அதனால் வசதியுள்ளவர்கள் வண்ணம் சேர்த்தார்கள்.

அந்த நீலம் கண்ணுக்கு அழகு. ஆனால் சுவருக்கு உயிர் கொடுப்பது அதிலுள்ள சுண்ணாம்புதான். பினாங்கில் மழைக்கென்று தனிப் பருவம் தேவையில்லை, ஆண்டு முழுக்கப் பெய்யும். செங்கல் சுவர் தரையிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அதே சுவருக்குச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துப் பாருங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். சில ஆண்டுகளில் உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், உள்ளே இருக்கும் செங்கல் பொடியாக உதிரும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது! நல்ல எண்ணத்தோடு, கையிலிருந்த பணத்தைப் போட்டு, சிமெண்ட்டால் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறோம். அதுவே வீட்டுக்கு நோயாகிவிடுகிறது. இந்த ஒரு பாடத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகவே அந்த மாளிகைக்குப் போகலாம் என்பேன்.

சரி, யார் இந்த சியோங் ஃபாட் ட்ஸே? 1840-இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஓர் ஏழை ஹக்கா இனக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்வயதில் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, பிழைக்கப் போனார். டச்சுப் படைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தம், சுமத்திராவில் தோட்டங்கள், சொந்தக் கப்பல்கள் என்று வளர்ந்தார். பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதராகவும் இருந்தார். சீனாவின் யாண்டாய் நகரில் 1892-இல் அவர் தொடங்கிய திராட்சை மது ஆலை இன்றும் நடக்கிறது. 1916-இல் அவர் படாவியாவில் இறந்தபோது டச்சு அரசும் பிரிட்டிஷ் அரசும் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துக் காலனி அரசுகள் அபினும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டன. அந்தக் குத்தகைகளை எடுத்த பெரும் வணிகர்களில் இவரும் ஒருவர். அபினைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? வெள்ளீயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிய உழைத்த சீனக் கூலிகள். பகல் முழுக்கச் சுமந்த வலியை மறக்க, கூலியில் ஒரு பங்கைப் புகையாக்கினார்கள். அந்தக் காசும் இந்த மாளிகையின் தூண்களில் இருக்கிறது. செல்வரின் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கூலிகளையும் நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டுக்குள் போவோம். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணிக்கை கிடக்கட்டும். நடு முற்றத்தில் போய் நில்லுங்கள். கருங்கல் பாவிய தரை, மேலே திறந்த வானம், சுற்றிலும் இரண்டு அடுக்குத் தாழ்வாரம். அதைத் தாங்குகிற வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்தவை. தரை ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்துச் சூளைகளில் வெந்தவை. பொன்முலாம் பூசிய மரத்தட்டிகளைச் செதுக்கியவர்களோ தென்சீனத் தச்சர்கள். ஐரோப்பியச் சரக்கை வாங்கிச் சீன வீட்டுக்குள் வைத்திருக்கிறார். வீட்டின் அடிப்படை மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. வாசல் எந்தத் திசை, முற்றத்து நீர் எப்படி வெளியேற வேண்டும், எல்லாம் ஃபெங் சுயி என்ற சீன மனையடி முறைப்படிதான். நீர் செல்வத்தின் அடையாளம் என்பதால், உள்ளே விழுந்த மழை அவசரமாக ஓடிவிடக் கூடாது, நின்று நிதானமாகப் போக வேண்டும். நாலுகட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதனால் மழை நாளில் போனால் வருத்தப்படாதீர்கள், வீட்டின் வேலை அன்றைக்குத்தான் தெரியும்.

கூரையை அண்ணாந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். முகட்டிலும் சுவர் உச்சியிலும் பூக்கள், பறவைகள், பழங்கதை மாந்தர்கள். பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, ஒவ்வொரு சில்லையும் இதழாகவும் இறகாகவும் வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கிற கலை அது. ஒரு மயிலிறகுக்கு எத்தனை சில்லு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வெயிலில் அந்தச் சில்லுகளின் நிறம் மங்குவதில்லை, கடற்காற்றும் அதை அரிப்பதில்லை.

இதே ஜார்ஜ் டவுனில், நடந்து போகிற தூரத்தில், பினாங்கு தெரு இருக்கிறது. அங்கே அதே காலத்தில் நம் நகரத்தார், அதாவது செட்டியார்கள், கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தார்கள். கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வுமேசை, ஒரு பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் அங்கேயே கணக்கெழுதி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊருக்குக் கப்பல். சம்பாதித்த பணம் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பர்மா தேக்கு வீடுகளாக எழுந்தது. சீன வணிகர் பினாங்கிலேயே மாளிகை எழுப்பி, ஏழாவது மனைவியையும் குடும்பத்தையும் அங்கே குடிவைத்தார். செட்டியார் பினாங்கில் ஒரு பாயில் படுத்துக்கொண்டு, தான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிற மாளிகையைச் செட்டிநாட்டில் எழுப்பினார். ஒரே துறைமுகம், ஒரே காலம், இரண்டு விதமான கணக்கு. நீல மாளிகையின் முற்றத்தில் நின்றபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

கட்டியவர் போன பிறகு வீடு என்ன ஆகும்? சியோங் ஃபாட் ட்ஸே தம் உயிலில், கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை விற்கக் கூடாது என்று எழுதிவைத்தார். அவர் இறக்கும்போது அந்தக் கடைசி மகன் சிறு குழந்தை. அந்த மகன் வாழ்ந்து முடிந்தது 1989-இல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உயில் வீட்டைக் காவல் காத்தது. அதே ஆண்டுகளில்தான் வீடு நொறுங்கியது. வாரிசுகளிடம் செல்வம் வற்றியது. அறை அறையாகப் பல குடும்பங்கள் வாடகைக்கு வந்தன. கூரை ஒழுகியது, பீங்கான் பூக்கள் உதிர்ந்தன, நீலம் வெளிறியது. விற்கக் கூடாது என்று எழுத முடிந்தவருக்கு, ஆண்டுதோறும் ஓடு மாற்று, சுண்ணாம்பு அடி என்று பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துச் செய்விக்க முடியவில்லை. செட்டிநாட்டிலும் இதே கதை உண்டு. பங்காளிகள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டை விற்கலாம். அதனால் தப்பிய வீடுகள் பல. அதே காரணத்தால் பழுது பார்க்க ஆளில்லாமல் சரிந்தவையும் பல. கதவும் தூணும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

நீல மாளிகைக்கு நல்ல காலம் பிறந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் மனைவியும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து அதை விலைக்கு வாங்கினார்கள். பல ஆண்டுகள் வேலை நடந்தது. பீங்கான் சில்லு வேலைக்குச் சீனாவிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். சுவருக்கு மீண்டும் சுண்ணாம்பு, மீண்டும் அவுரி. 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இதற்குக் கிடைத்தது. ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமானது அதற்குப் பிறகு, 2008-இல்தான்.

வீட்டின் ஒரு பகுதியில் இப்போது விருந்தினர் தங்குகிறார்கள், உணவகமும் இருக்கிறது. நினைவு இல்லத்தில் வியாபாரமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சுண்ணாம்புப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தே தீர வேண்டும். கூரை ஓட்டுக்கும் மரத்துக்கும் ஓயாத செலவு. அந்தச் செலவை வீடே சம்பாதித்துக்கொள்வது நல்லதுதான். இரவில் விளக்கெரிகிற, சமையல் வாசனை வருகிற வீட்டில் கரையான் பிடித்தால் மறுநாளே யாராவது பார்த்துவிடுவார்கள்.

பினாங்குக்குப் போகும் வாய்ப்பு வந்தால் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். காலையில் மாளிகை. வெளியே வந்ததும் எதிர்ச்சாரியில் ஐந்து வீடுகள் வரிசையாகத் தெரியும், அவையும் சியோங் ஃபாட் ட்ஸே கட்டியவைதான். பிறகு கால் மணி நேரம் நடந்து பினாங்கு தெருவுக்கு வாருங்கள். தைப்பூசத்தின்போது வெள்ளித் தேர் புறப்படுகிற நகரத்தார் கோவில் வீடு அங்கே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். நீல மாளிகையைப் பார்த்த கண்ணோடு இதையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.