கேசட்டிலிருந்து கைப்பேசிக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் விடுதியில் இருந்தபோது குர்ஆன் மனனத்துக்குத் துணை ஒரு டேப்ரிக்கார்டர்தான். எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ ஓதிய கேசட். ஒரே ஆயத்துக்காக எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணியிருப்பேன்! அறை நண்பர் தூங்க முடியாமல் திட்டுவார்.

இன்று கைப்பேசியில் ஓர் ஆயத்தைப் பத்து முறை ஓதச் சொன்னால் ஓதுகிறது. தர்தீல் போன்ற செயலிகள் நீங்கள் ஓதுவதைக் கேட்டு, விட்டுப்போன சொல்லையும் காட்டிவிடுகின்றன.

மாணவர்களே, ஒரு யோசனை. மதீனாவில் அச்சாகும் பிரதியில் 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. ஆயத்து எந்த மூலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் மனதில் பதியும். கைப்பேசியிலும் அந்தப் பக்க அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைச் செப்பனிட உஸ்தாத் முன் உட்காருங்கள்.

இன்னொன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். 30 ஜுஸ்உகளில் ஐந்தை இங்கே படிக்கும்போது மனனம் செய்தேன். வேலைக்குப் போனதும் ஓதுவதை விட்டேன், மூன்று மறந்துபோயிற்று. இப்போது கைப்பேசியை வைத்து மீட்டுக்கொண்டிருக்கிறேன். தவறைச் செயலி காட்டுகிறது. ஆனால், "அத்தா, நேத்து ஏன் ஓதலே?" என்று கேட்பது கல்லூரியில் படிக்கும் என் மகள்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தினமும் உட்காருகிறேன்.

கருவி எதுவானாலும் சரி, அப்படிக் கேட்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.