பெயரேட்டின் ஊழியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கணினியைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் ஒரு சிறு ஊழியத்தைப் பற்றி மட்டும் இன்று கூற விரும்புகிறேன்.

நமது துறைமுகத்துக்குப் புதிதாக வந்த படகோட்டி ஒருவரின் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருத்துபவர் ஊரில் இருக்கிறார்; ஆனால் எங்கே என்பது வந்தவருக்குத் தெரியாது. கரையிலுள்ள தேநீர்க் கடைக்காரரைக் கேட்கிறார். அவர் இடத்தைச் சொல்லுகிறார். அதன் பின்பு பேச்சும் கூலியும் அவ்விருவருக்குள்ளேதான். கடைக்காரருக்கு அதில் பங்கில்லை.

ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறொரு கணினியிலுள்ள நிரலின் உதவியை நாடும்போதும் இதே நிலைமைதான். ஜாவா மொழியில் 1997ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு பெயரேடு உண்டு. அது பின்னணியில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக 1099 என்னும் எண்ணுள்ள துறையில் காத்திருக்கும். ஆம், துறைதான்! துறைமுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே கணினியாளரும் ஆளுகின்றனர். உதவி செய்ய வல்ல நிரல் தன்னிடமுள்ள பொருளை ஒரு பெயரில் பதிந்து வைக்கும். நாடி வரும் நிரல் அப்பெயரைக் கேட்டு, பொருளுக்குப் பிரதிநிதியான ஒன்றைப் பெற்றுக்கொள்ளும். பிறகு இரண்டும் நேரே பேசிக்கொள்ளும்.

இந்த ஏட்டுக்கு ஒரு காவலும் ஒரு குறையும் உண்டு. பெயரைக் கேட்பவர் எங்கிருந்தும் கேட்கலாம். ஆனால் பதிவதும் நீக்குவதும் ஏடு இருக்கும் அதே கணினியிலிருந்துதான் இயலும். இல்லையேல் பொய்ப் பெயரை எவரும் நுழைத்துவிடலாமன்றோ? இது காவல். பதிந்த நிரல் சொல்லாமல் நின்றுபோனால் ஏட்டுக்கு அது தெரியாது. பெயர் இருக்கும், கூப்பிட்டால் மறுமொழி வராது. இது குறை.

இது கணினிக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கரையையும் தாக்கியதைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பொழுது உதவி செய்வோர் பலர் இருந்தனர். யார் எங்கே இருக்கிறார், எவருக்கு என்ன தேவை என்பதைக் காட்டும் ஏடுதான் இருக்கவில்லை. இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் கூடி 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், தொண்டு நிறுவனங்கள், முகாம்கள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பதிவேடுகள் அமைந்தன. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பின்னர் பிற நாடுகளின் இடர்களிலும் அது பயன்பட்டது.

இளைஞர்களே, இரத்ததானம் செய்வோர், படகு உடையோர், நீந்தத் தெரிந்தோர் எல்லாரும் நம்மிடையே உள்ளனர். அவர்களின் பெயரை ஏட்டில் எழுதி வைப்பது எளிது. ஊர் மாறியவரையும் தொலைபேசி எண் மாறியவரையும் தேடித் திருத்துவதுதான் தொண்டு. ஆபத்து வேளையில் செத்த எண்ணை அழைத்து ஒருவர் ஏமாறுவாராயின், அந்த ஏடு இல்லாதிருப்பதே மேல்.

திருத்தும் பணிக்கு மாலையும் மேடையும் கிடையா. ஆயினும் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்குங்கள். இதுவே என் வேண்டுகோள்.