சொல்லின் எல்லையும் வட்டின் அளவும்



பழைய இதழ்களையும் நூல்களையும் எண்மப்படுத்தி, அவற்றுக்கான தேடுபொறியை மேகக் கணினியில் நிறுவ முனைவோர் முதலில் கேட்பது, “எவ்வளவு இடம் வேண்டும்? எத்தகைய வட்டு வேண்டும்?” என்பதாகும். இது பொறியாளர்க்குரிய வினா என்று மொழியாசிரியர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். தமிழைப் பொறுத்தவரை இதில் ஒரு பகுதி இலக்கண வினா. அதற்கு நாம் விடை கூறாவிடில், கருவி தானாகவே ஒரு விடையை எடுத்துக்கொள்ளும்.

தேடுபொறியின் உள்ளே இருப்பது நாம் நன்கறிந்த சொல்லடைவுதான். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்னும் பட்டியல் அது. டக் கட்டிங் 1999இல் உருவாக்கிய லூசீன் என்னும் நிரல் நூலகம் இவ்வடைவை அமைக்கிறது. எலாஸ்டிக்சர்ச், சோலர், ஓப்பன்சர்ச் ஆகியவை அதன்மேல் எழுந்தவை. அடைவு பெரியதாயின், அதைப் பல மெய்நிகர்க் கணினிகளில் துண்டங்களாகப் பகிர்ந்து வைப்பர்.

அச்சிட்ட சொல்லடைவைத் தொகுத்த புலவர் ‘மரம், மரத்தை, மரத்திலிருந்து’ ஆகியவற்றை ஒரு தலைச்சொல்லின்கீழ் வைத்தார். கணினிக்கோ இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். ‘மரத்தை’, ‘மரத்தைப்’ என்பனவும் அதற்கு இரண்டே. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விளக்கிய அத்துச் சாரியையைக் கணினி அறியாது. இதன் விளைவை அனுபவிப்பவர் மாணவர். ‘மரம்’ என்று தேடி விடை வராதபோது, அப்பொருள் பற்றி நம் முன்னோர் எழுதவே இல்லை என்று அவர் முடிவு செய்வார்.

இக்குறையை நீக்கச் சிலர் சொற்களை இரண்டு, மூன்று குறிகள் கொண்ட துணுக்குகளாக வெட்டுகின்றனர். ‘மரத்திலிருந்து’ என்பதில் நமக்கு 8 எழுத்துகள். ஒருங்குறிக்கு 14 குறிகள். எழுத்தின்படி வெட்டினால் 13 துணுக்குகள் கிடைக்கும். குறியின்படி வெட்டினால் 25 கிடைக்கும்; அவற்றுள் பல, உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்கும் பொருளற்ற துணுக்குகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்வதால், ‘தமிழ்’ என்னும் சொல்லே 15 பைட்டு ஆகிறது. ஆக, வெட்டும் முறையே வட்டின் அளவைப் பன்மடங்காக்கக்கூடும்.

இலக்கணம் இங்கே செலவைக் குறைக்கிறது. க், ச், த், ப் ஆகிய மெய்கள் தமிழ்ச் சொற்களின் இறுதியில் வாரா. எனவே சொல்லீற்றில் அவை தோன்றின், புணர்ச்சியால் மிகுந்தவை எனக் கொண்டு நீக்கிவிடலாம். ‘பேங்க்’ போன்ற பிறமொழிச் சொற்களுக்கு விதிவிலக்குப் பட்டியல் போதும். வேற்றுமை உருபுகளைக் களைய, லூசீனிலேயே தமிழ்ப் பகுப்பாய்வி உண்டு. அது களைந்தவற்றைச் சரிபார்ப்பது மொழி கற்றவர் கடன்.

இனி அளவைக் கணக்கிடுவோம். முதலில் ஒரு பகுதியை மட்டும் அடைவாக்கி, அதன் அளவைக் கொண்டு முழுமையை மதிப்பிட வேண்டும். முழு அடைவு 120 ஜிகாபைட்டு எனக் கொள்வோம். ஒரு கணினி பழுதானாலும் தேடல் நில்லாதிருக்க, மற்றொரு படி வேண்டும், ஆக 240. மூன்று கணினிகளுள் ஒன்று வீழ்ந்தால், எஞ்சிய இரண்டும் ஆளுக்கு 120 தாங்க வேண்டும். வட்டு முக்கால் பங்குக்குமேல் நிரம்பாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் 160 ஜிகாபைட்டு தேவை. அடைவே மும்மடங்கானால் இது 480 ஆகிவிடும்.

அந்தக் கால் பங்கு வீணன்று. லூசீன் சிறு பகுதிகளை இணைத்துப் பெரும்பகுதியாக்கும்போது, பழையவை நீங்கும்வரை கூடுதல் இடம் வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பமைப்பில், வட்டு 85 விழுக்காட்டைக் கடந்தால் புதிய துண்டங்கள் அங்கு ஒதுக்கப்படா; 90ஐக் கடந்தால் இருப்பவை இடம்பெயர்க்கப்படும்; 95ஐக் கடந்தால் எழுதுதல் தடுக்கப்படும். ஒரு துண்டம் 10 முதல் 50 ஜிகாபைட்டுக்குள் இருப்பது பொது வழக்கம். நம் அடைவை 30 ஜிகாபைட்டு அளவில் 4 துண்டங்களாக்கலாம்.

நினைவகத்தில் பாதிக்குமேல் ஜாவாவின் குவிநினைவகத்திற்கு ஒதுக்கலாகாது. அதுவும் 32 ஜிகாபைட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மீதிப் பாதியில் இயக்குதளம் அடிக்கடி படிக்கப்படும் அடைவுப் பக்கங்களை வைத்துக்கொள்ளும். தேடலின் விரைவு பெரிதும் அப்பாதியைச் சார்ந்தது.

வட்டு இருவகை. கணினியோடு ஒட்டியுள்ள உள்வட்டு மிக விரைவானது. ஆனால் மெய்நிகர்க் கணினியை நிறுத்தினால் அதிலுள்ளவை அழியும். வலையமைப்பு வழி இணைக்கப்படும் வட்டு நிலைத்திருக்கும். ஆயின் அதற்கு வேக வரம்புண்டு. அமேசானின் ஜிபி3 வட்டு எந்த அளவினதாயினும் நொடிக்கு 3,000 செயல்களை அடிப்படையாகத் தருகிறது. மெய்நிகர்க் கணினிக்கும் தனி வரம்பு உண்டு; இரண்டில் குறைந்ததே நமக்குக் கிட்டும். ஆகவே சிறிய கணினியோடு விலையுயர்ந்த வட்டை இணைப்பதால் பயனில்லை.

ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் இதழ்க் காப்பகத்திற்கு, நிலைத்த வலையமைப்பு வட்டும் போதிய நினைவகமும் தக்கவை. ஓயாது செய்தி சேரும் தளத்திற்கு உள்வட்டு பொருந்தும். படிகளை வெவ்வேறு மண்டலங்களில் வைத்தல் வேண்டும். இரண்டிலும் அடைவின் காப்புநகல் பொருள் சேமிப்பகத்தில் தனியே இருத்தல் இன்றியமையாதது. தவறுதலாக ஓர் ஆவணத்தை நீக்கினால் எல்லாப் படிகளிலும் அது நீங்கிவிடும்; ஆதலால் படி என்பது காப்புநகல் ஆகாது. வருடிய பக்கங்களின் படங்களும் அச்சேமிப்பகத்திற்கே உரியவை. தேடுதொகுதியில் எழுத்துரு மட்டும் இருந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் தேடக்கூடிய நூறு சொற்களை, உருபேற்ற வடிவங்களோடும் கிடைக்க வேண்டிய விடைகளோடும் எழுதி, கணினி வாங்கும் முன்பே பொறியாளரிடம் கொடுங்கள். அவர் மாதிரி அடைவை அதைக்கொண்டு சோதித்து, எத்தனை சொற்கள் தப்புகின்றன, எவ்வளவு இடம் செலவாகிறது என்று காட்டட்டும். அதன்பின் வட்டின் அளவைக் குறிப்பது எளிது.